அரசம்புதூர்ப் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

பேராசிரியர் ஞானாபரணம் அரசம்புதூருக்குப் போனதே இல்லை.

இது என் ஊகம் இல்லை. அவருடைய களக் குறிப்பேடுகள் முப்பத்திரண்டும் என் விடுதி அறையில், கட்டிலுக்கு அடியில், இரண்டு அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு வாரமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டேன். எந்த ஊரில் எந்தக் கடைத் தோசை புளித்திருந்தது என்பதைக்கூட எழுதிவைத்த மனிதர். 1976 முதல் 1981 வரை அவர் கால் வைத்த ஊரெல்லாம் தேதியோடு இருக்கிறது. அரசம்புதூர் மட்டும் இல்லை.

அவருடைய பெயர் நிற்பதோ அந்த ஊரின்மேல். 1969இல் அங்கே ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசு கிடைத்தது. அதற்கு முன்பே ஆற்றின் தென்கரையில் கிழக்கே மூன்று இடத்திலும் மேற்கே மூன்று இடத்திலும் காசுகள் கிடைத்திருந்தன. நடுவில் நாற்பது மைலுக்கு எதுவும் இல்லை. அரசம்புதூர் சரியாக அந்த நடுவில் வந்து விழுந்தது. பேராசிரியர் ஏழு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தார். மேலைக் கடற்கரையில் இறங்கிய ரோமானியச் சரக்கு இந்தத் தென்கரை வழியாகத்தான் உள்நாட்டுக்கு வந்தது என்றார். 1981இல் புத்தகம் வந்தது. 88ஆம் பக்கத்தில் அந்த வரைபடம். குருமடத்தில் லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டுப் பாதிரியாராகாமல் வெளியே வந்த ஒரு பனையேறியின் மகனை உலகத்துப் பண்டைய வரலாற்றுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தது அந்தக் கோட்டுக்காகத்தான்.

இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. துறை சார்பில் பவளவிழா மலர் வருகிறது. அதில் 'பேராசிரியரின் ஆய்வுத் தாக்கம்' என்ற கட்டுரை என் தலையில் விழுந்தது. அதற்காகத்தான் குறிப்பேடுகளை வாங்கி வந்தேன்.

என் ஆய்வேடு மார்ச்சிலேயே போய்விட்டது. ஜூலை 11 வாய்மொழித் தேர்வு. தலைப்பு, தென்கரை வழிச் சந்தைகள். அந்தக் கோடு இல்லையென்றால் என் மூன்றாம் அத்தியாயம் இல்லை. மூன்றாம் அத்தியாயம் இல்லையென்றால் ஆய்வேடே இல்லை.

அதனால் என்ன. போகாத ஊரைப் போனதுபோல எழுதியிருக்கிறார். அது பொய்தான்.

எனக்கு அந்த ஊர் தெரியும்.

ஜூன் 4, புதன்

விடுதியில் தண்ணீர் இல்லை. துறைக் கழிப்பறையில் குளித்தேன். இதுவும் ஓர் ஆய்வு வசதி.

ஜூன் 6, வெள்ளி

88ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டியவர்களைத் தேடி எடுத்தேன். இதுவரை எழுபத்தொன்று. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது ஒரு பானை என்ன ஆகிறது என்று பார்ப்பது சினிமாவைவிட நன்றாக இருக்கிறது.

1981இல் பேராசிரியர்: 'அரசம்புதூரில் ஒரு பானை.' 1984இல் ஒரு ஹாலந்துக்காரர்: 'ஞானாபரணம் காட்டியபடி.' 1990இல் ஒருவர் ஹாலந்துக்காரரை மட்டும் காட்டுகிறார், பேராசிரியரை விட்டுவிட்டார், பானை 'பானைகள்' ஆகிவிட்டது. 1997இல் 'அகழாய்வில் கிடைத்த' பானைகள். அங்கே அகழாய்வு நடந்ததே இல்லை. 2003இல் பள்ளிப் பாடநூல் வரைபடத்தில் ஒரு நட்சத்திரம். 2011இல் நெடுஞ்சாலையோரம் பலகை: 'ரோமானியர் வாழ்ந்த அரசம்புதூர் உங்களை வரவேற்கிறது.' முப்பது வருஷத்தில் ஒரு பானையிலிருந்து குடும்பம் குட்டியோடு ரோமானியர்களை வெளியே எடுத்துவிட்டார்கள்.

எழுபத்தொருவரில் ஒருவர்கூட அந்த ஊருக்குப் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு வரலாறு எழுதுகிற கூட்டம்.

எழுபத்தொன்றில் ஒன்று என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆய்விதழில் வந்தது. எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். சேர்த்துவிட்டேன்.

துறைத்தலைவர் செண்பகவல்லி அம்மாவிடம் குறிப்பேட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேராசிரியரின் முதல் மாணவி.

"பொழிலா, இது பவளவிழா மலர்ப்பா. விசாரணைக் கமிஷன் இல்ல."

"அவர் போகவே இல்லம்மா."

"போகாம எழுதினவங்களை எல்லாம் கணக்கெடுத்தா இந்தத் துறையில ஃபேன் போட ஆள் இருக்காது. பதினஞ்சு பக்கம், நல்லதா நாலு போட்டோ. இருபதாம் தேதிக்குள்ள."

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு அட்டை கிடைத்தது.

பேராசிரியர் தன் தகவல்களைச் செருப்புப் பெட்டிகளில் அட்டை அட்டையாக வைத்திருந்தார். துறை நூலகப் பரணில் பதினான்கு பெட்டிகள், பல்லி முட்டைகளோடு. நான்காவது பெட்டியில் அது இருந்தது. எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்து:

'அரசம்புதூர். புதையல் பதிவேட்டிலிருந்து, 1978. வெள்ளி 193. ஒப்படைத்தவர்: மணியகாரர், அரசம்புதூர். கண்டவர்: — . ச.எ. 412.'

ஆக, அவர் பார்த்தது மண்ணை அல்ல, கலெக்டர் அலுவலகப் பதிவேட்டை. ஊர் என்ற கட்டத்தில் இருந்ததை எடுத்து வரைபடத்தில் வைத்துவிட்டார். எங்கள் துறையில் எல்லாரும் செய்வது இதுதான். ஊர்ப் பெயரை எழுதிக்கொள்வோம், சர்வே எண்ணை விட்டுவிடுவோம். எண்ணைத் தேடப் போனால் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும், புல வரைபடம் கேட்க வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். பேராசிரியர் எண்ணை எழுதியாவது வைத்திருக்கிறார். எழுதியதோடு சரி.

கண்டவர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. 193 வெள்ளிக் காசையும் எடை போட்டு எழுதியவர்களுக்கு, அதை மண்ணிலிருந்து எடுத்தவனுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றவில்லை.

நில ஆவண இணையதளத்தில் அரசம்புதூரைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். அந்த ஊரின் சர்வே எண்கள் 186உடன் முடிகின்றன. 412 என்று ஒரு நிலமே அங்கே கிடையாது.

சாப்பிட மறந்துவிட்டேன். மெஸ் மூடிவிட்டது. நான்கு வாழைப்பழம்.

ஜூன் 12, வியாழன்

அரசம்புதூர்.

காலை ஆறு மணி பஸ், பதினொன்றுக்கு இறங்கினேன். சிமெண்ட் வளைவு, மேலே கவசம் போட்ட இரண்டு ரோமானியப் போர்வீரர்கள். உள்ளூர்க் கொத்தனார் செய்தது போலிருக்கிறது, இருவருக்கும் மீசை ஐயனார் மீசை. உள்ளே 'ரோமா மஹால்', குளிரூட்டப்பட்ட திருமண மண்டபம். 'சீசர் சிக்கன் சென்டர்.' பேராசிரியரின் ஆய்வுத் தாக்கம் என்று இந்தக் கோழிக்கடையைப் படம் எடுத்துக்கொண்டேன்.

பானை எங்கே கிடைத்தது என்று டீக்கடையில் கேட்டேன். உட்கார்ந்திருந்த நான்கு பேரும் நான்கு திசையைக் காட்டினார்கள்.

"கோயலுக்குப் பொறத்தாலீங்க."

"அட நீ வேற. பள்ளிக்கோடம் கட்டுறப்போ எடுத்ததப்பா அது."

டீ மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி முன்னால இங்க வந்திருக்கறீங்களா?"

"வந்திருக்கேன்."

"எந்தக் கடைல டீ குடிச்சீங்க?"

"வளைவு வரைக்கும்தான் வந்தேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பாலை ஆற்றினார்.

கிராம நிர்வாக அலுவலர் என் வயதுக்காரர். 412 என்றதும் சிரித்தார்.

"இங்க ஏதுங்க நானூத்திப் பன்னெண்டு? அது அக்கரை. குழியன்வலசு."

"ஆனா பதிவேட்டுல அரசம்புதூர்னு போட்டிருக்கே?"

"மணியகாரரு குடியிருந்தது இங்கங்க. அவருக்கு ரெண்டு ஊரும் பொறுப்பு. அக்கரைல என்ன கெடச்சாலும் தூக்கிட்டு இங்க வந்துதான் எழுதோணும். எழுதற ஊரு பேரைத்தான போடுவாங்க?"

அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வருஷம், எழுபத்தொரு ஆய்வாளர்கள், ஒரு பாடநூல், ஒரு கல்யாண மண்டபம். அவர் இதைச் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு நிமிஷம்.

குழியன்வலசு வடகரையில் இருக்கிறது. பாலம் சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர். நடுப் புள்ளி வடகரைக்குப் போனால் தென்கரைக் கோடு அறுந்துவிடும்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று அக்கரைக்குப் போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

துணி துவைத்தேன். வாய்மொழித் தேர்வுக்குப் படம் காட்ட ஸ்லைடுகள் செய்யத் தொடங்கினேன். இரண்டாவதில் அந்த வரைபடம் இருக்கிறது. அதை அப்படியே வைத்திருக்கிறேன், இப்போதைக்கு.

ஜூன் 16, திங்கள்

குழியன்வலசு. ஊர் என்பது வேலி போட்ட தோட்டங்கள். அதைத் தாண்டி, மண் ரோடு முடிகிற இடத்தில் காலனி. ஐம்பது வீடு. அதற்குப் பின்னால் மேடான செம்மண் நிலம், 412. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. வழியில் நான் யாரிடமும் வழி கேட்கவில்லை, எதிர்ப்பட்ட மூவர்தான் என்னைக் கேட்டார்கள்: எந்த ஊர், யார் வீடு, என்ன ஆளுங்க. மூன்றாவது கேள்வியை ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார். மற்ற இருவரும் சுற்றி வளைத்தார்கள்.

காலனியில் ஒரு பெண்மணி மோட்டார் அறைத் திண்டில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ரங்கநாயகி, வார்டு உறுப்பினர், ஐம்பது வயது இருக்கும்.

"பல்கலைக்கழகத்துல இருந்து வர்றேன்க்கா. காசுப் பானை கிடைச்ச இடம்..."

அவர் போனை அணைத்தார். "ஐம்பத்தாறு வருஷம் ஆச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

கிணற்றைக் காட்டினார். பாழ்கிணறு, எருக்கஞ்செடி மண்டியிருக்கிறது.

"எங்கப்பன் வெட்டுனதுங்க. சின்னான்னு பேரு. நெலத்துக்காரப் பண்ணாடி தோட்டத்துக்குக் கெணறு. ஆறு முழம் போனதும் கடப்பாறை டங்குனு சத்தம் கேட்டுச்சாமா. பானை. பண்ணாடி அப்பவே பானையைத் துண்டுல மூடி வண்டியேத்தி மணியகாரர் ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டாரு. சாயங்காலம் போலீசு வந்து எங்கப்பனைக் கூட்டிட்டுப் போச்சு. நீ எத்தனை காசை ஒளிச்சேன்னு மூணு நாளு அடிச்சாங்க. ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சதும் ஊட்டுக்கு உட்டாங்க. அதுக்கப்பறம் எங்கப்பன் கடப்பாறை தூக்குனதில்லைங்க. தோளு ஏறாது."

"கண்டெடுத்தவர்னு அவர் பேரை எழுதலயா?"

"அடிச்சதுக்கு ரெசீதா குடுப்பாங்க?" என்று சிரித்தார்.

மேட்டில் நடந்தோம். காலடியில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், தாழியின் விளிம்புகள். குனிந்தால் ஒன்று. நான் குனிந்துகொண்டே போனேன். ஒரு பாசிமணி கிடைத்தது, பச்சை, மிளகு அளவு. இரண்டாயிரம் வருஷம். என் ஐந்து வருஷ ஆய்வில் மண்ணிலிருந்து நான் கையால் எடுத்த முதல் பொருள். படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

அவசரம் என்னவென்று பிறகு சொன்னார். இந்த மேடு முழுக்கக் கிராவல் குவாரிக்குப் போகிறது. ஜூலை 4 தாலுகா அலுவலகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். மேட்டின் அந்த ஓரத்தில்தான் காலனியின் சுடுகாடும் இருக்கிறது. இங்கே பழம்பொருள் இருக்கிறது, தோண்டாதீர்கள் என்று இவர்கள் மனுக் கொடுத்தார்கள். பதில் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

'மேற்படி குழியன்வலசு எல்லையில் தொல்பொருள் கிடைத்ததாகப் பதிவு ஏதும் இல்லை. மனுவில் கூறப்படும் காசுப் புதையல் அரசம்புதூரில் கிடைத்ததாகும். பார்வை 1: பேராசிரியர் ஞானாபரணம் நூல், பக்கம் 88.'

"இந்த ஆளு யாருங்க தம்பி? எங்க மண்ணைத் தூக்கி ஆத்துக்கு அக்கட்டால போட்டுட்டாரே?"

நான் பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன். நிறையச் சொன்னேன், கோபமாக.

கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அவர் தன் போன் எண்ணைக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொண்டார். 'யுனிவர்சிட்டி தம்பி' என்று பதிந்தார். பெயர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அந்தக் கடிதத்தில் பார்வை 2 என்று இன்னொன்றும் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மலருக்கான கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். பதினொரு பக்கம். பேராசிரியர் போகாத ஊர், பார்க்காத நிலம், எழுதாத பெயர். ஓர் ஆய்வாளனின் சோம்பல் எப்படி ஐம்பது குடும்பத்தின் சுடுகாட்டை எடுத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. எழுபத்தொன்று மேற்கோள்கள் என்ற எண்ணை எழுபது என்று திருத்தினேன்.

செண்பகவல்லி அம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை மலர்ல போட முடியாது."

"உண்மைங்கிறதாலயா?"

"அவர் படிக்காததால. முதல்ல அவருக்குப் படிச்சுக் காட்டு. முகத்துக்கு நேரா. அப்புறமும் போடணும்னு நீ சொன்னா நான் போடுறேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

2022 டிசம்பர் 14 என்ன நடந்தது என்பதை எனக்காக எழுதி வைக்கிறேன்.

ஆய்வேடு கொடுக்க இரண்டு கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இதழ்க்காரர்கள் கள ஆய்வு இல்லாத கட்டுரையைப் போடமாட்டோம் என்றார்கள். கிளம்பினேன். நல்ல மழை. பஸ் வளைவருகே பத்து நிமிஷம் நின்றது. இறங்கிப் பலகையைப் படம் எடுத்தேன். செருப்பு அறுந்துவிட்டது. அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அந்த மழையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஜூன் 27, வெள்ளி

பேராசிரியர் வீடு. கோட்டாற்றுப் பக்கத்திலிருந்து தங்கை மகன் அனுப்பிய நுங்குகளைக் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்புரை. இரண்டு கண்ணுக்கும் அடுத்த மாதம் அறுவை.

"வாடே, மலர்க்காரா. என்னை எத்தனை பக்கத்துல பொதைச்சிருக்கே?"

"பதினொண்ணு ஐயா."

"செண்பகம் பதினஞ்சுன்னால்லா சொன்னா? நாலு பக்கம் மிச்சம். வாசி."

வாசித்தேன். அவர் நுங்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். சுடுகாடு வந்தபோது நுங்கைக் கீழே வைத்தார். முடிந்ததும் வேட்டியில் கையைத் துடைத்தார்.

"எல்லாம் சரிதான்."

"மறுக்கலையா ஐயா?"

"என்னத்தை மறுக்க? போவல. எழுபத்தெட்டுல மஞ்சக்காமாலை. மூணு மாசம் படுக்கை. ஆய்வேட்டுக்குக் கெடு முடியுது. பதிவேட்டுல ஊர் பேரு இருக்கு, போதும்னு வச்சேன். அந்த நம்பரை அப்புறம் பாத்துக்கிடலாம்னு அட்டையில எழுதினேன். அப்புறம் ஆளாளுக்கு ஞானாபரணம் சொன்னாரு, ஞானாபரணம் சொன்னாருன்னு எழுத ஆரம்பிச்சான். வெளிநாட்டுக்காரன்லாம் சொல்லுதான். ஒரு பத்து வருஷம் போச்சு, எனக்கே அங்க போய்ட்டு வந்த மாதிரி ஆயிட்டு. அந்த ஊரு வேப்பமரம்லாம் கண்ணுல தெரியும், கேட்டியா? போகாத ஊரு வேப்பமரம்."

"கண்டவர்ங்கிற இடத்துல கோடு போட்டிருக்கீங்க. பதிவேட்டுல பேர் இல்லையா?"

அவர் நுங்கை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இருந்துச்சு. சின்னான். குழி வெட்டுதவன் பேரு எதுக்குன்னு விட்டுட்டேன். எங்க அப்பன் ஏறுன பனை எல்லாம் நாடான் வெளைன்னு தோப்பு மொதலாளி பேருல கெடந்துச்சு. அவரு பேரை எவனும் எங்கயும் எழுதல. அதுல வந்தவன்டே நான். நானும் எழுதல பாத்தியா."

கோபப்படுவதற்குத் தயாராக வந்திருந்தேன். அந்தக் கோபத்தோடே அதிகாரியின் பதில் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படத்தைப் பெரிதாக அச்செடுத்திருந்தேன்.

"இதையும் நீயே வாசி. எனக்குப் பொகையாத் தெரியுது."

வாசித்தேன். பார்வை 1 வரைக்கும் வாசித்து, "அவ்வளவுதான் ஐயா" என்றேன்.

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். மேசையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தாளை மூக்கருகே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார்.

"பார்வை ரெண்டு. பொழிலன், த., ஆய்விதழ்க் கட்டுரை, 2023. கண்டெடுத்த இடம் அரசம்புதூரே என்பது கள ஆய்வில் நேரில் உறுதிசெய்யப்பட்டது."

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கிளம்பவே இல்லை.

"இதை எப்பம் பாத்தே?"

"பதினாறாம் தேதியே."

"உன் பதினொரு பக்கத்துல இது வரலியே?"

"கட்டுரை உங்களைப் பத்தினது ஐயா."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நாப்பது வருஷமாப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்டே. எவனாவது ஒருத்தன் அங்க போவான், தப்புன்னு வந்து நிப்பான்னு. உன் கட்டுரை வந்துச்சு. பய போய்ப் பாத்திருக்கான், சரின்னு எழுதியிருக்கான். கண்ணை மூடிக்கிட்டு அடிச்சும் குறி தப்பலன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அன்னைக்குத்தான் அந்த அட்டைப் பெட்டியைப் பரண்ல ஏத்தச் சொன்னேன்."

"மழை ஐயா அன்னைக்கு."

"எனக்கு மஞ்சக்காமாலை. உன்னதைவிட நல்ல காரணம்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளும் தடிப் பேனாவும் கேட்டார். பார்வை மங்கியவர்கள் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். தன் நூலின் 88ஆம் பக்கம் தவறு, காசுகள் கிடைத்தது குழியன்வலசு, ச.எ. 412, கண்டெடுத்தவர் பெயர் சின்னான், நான் அங்கு போகவில்லை. ஆறு வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"கீழ்ப் பாதி உனக்கு."

"ஜூலை பதினொண்ணு எனக்கு வைவா ஐயா. அதுக்கப்புறம்..."

"கூட்டம் நாலாந்தேதி."

"இப்ப எழுதினா பட்டம் போயிரும்."

"போகலாம். போகாமயும் இருக்கலாம். மொத்தமாத் திரும்ப எழுதச் சொல்லுவான், ரெண்டு வருஷம் ஆகும். எனக்குப் போற வயசு. உனக்கு வர்ற வயசு. நீயே பாத்துக்க." தாளை மடிக்காமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார். "அந்தம்மா நம்பரைக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது.

ஜூன் 28, சனி

பதினொரு பக்கக் கட்டுரையைத் துறைத்தலைவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். போடட்டுமா என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

வைவாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது வந்தது. கழுத்து இறுக்கம். பிரித்துத் தரச் சொன்னேன்.

அம்மா போன் செய்தாள். பதினொன்றாம் தேதி வேன் பிடித்து எல்லாரும் வருகிறார்களாம். பக்கத்து வீட்டு அத்தை இப்போதே என்னை டாக்டர் தம்பி என்கிறாராம். மாமா வெளியூர்ப் பயணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்ல வேண்டும் என்று கேட்டாள். முப்பது என்றேன்.

ஜூலை 2, புதன்

யோசித்துப் பார்த்தால் பேராசிரியரின் கடிதமே போதும். மூலம் அவர்தான். மூலமே தவறு என்று எழுதிவிட்டால் அதை வைத்து எழுதிய எழுபத்தொன்றும் தானாக விழுந்துவிடும். இதில் என் பெயர் தனியாக எதற்கு?

பிற்பகல் முழுக்க ஸ்லைடுகள். இரண்டாவது ஸ்லைடை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை எட்டரை மணியிலிருந்து ரங்கநாயகி மூன்று முறை அழைத்தார். நான்காவது முறை எடுத்தேன். பின்னால் ஆட்கள் சத்தம், யாரோ டெம்போவில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, பெரியவரு லெட்டரு கூரியர்ல வந்துருச்சுங்க. எங்கப்பன் பேரு எழுதியிருக்குது. கொட்டை எழுத்துல. எங்கம்மா அதைத் தடவித் தடவிப் பார்க்குது, அதுக்குப் படிக்கத் தெரியாது. நேத்தே கொண்டுபோய் ஆபீசுல காட்டினேனுங்க. அதிகாரி என்ன சொல்றாரு தெரியுமுங்களா? அவருக்கு வயசாயிருச்சு, அது பழைய புஸ்தகம், அது போனா போகட்டும், போன வருஷம் முந்தின வருஷம் ஒருத்தரு நேர்ல போய்ப் பார்த்ததா எழுதியிருக்கறாரே, அது நிக்குதேங்கறாரு. பொழிலனாம். லெட்டருல கீழ்ப்பாதி வெறுமையா இருக்குதுங்க. அடீல அதே பேரைப் போட்டு, பேருக்கு மேல கையெழுத்துக்கு எடம் உட்டிருக்குது. அந்த எடத்துல ஒண்ணுமில்ல. பெரியவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அது யாருங்கன்னு. உங்க மேட்டுல வந்து குனிஞ்சு குனிஞ்சு ஓடு பொறுக்குனானே, அவன்தாங்கறாரு.

"ஏன் தம்பி அன்னைக்கே சொல்லலே?

"செரி, அது கெடக்கட்டும். மூணு மணிக்குக் கூட்டமுங்க. இப்ப பஸ்ஸு ஏறுனா ரெண்டரைக்கு வந்துரலாம். நான் கேட் கிட்ட நிக்கறேன். வந்து, பார்த்தேன்னு எழுதுன கையாலயே பார்க்கலேன்னு எழுதிக் குடுங்க. தம்பி? கேக்குதுங்களா? எழுதிக் குடுங்க."